இருபத்து நான்காவது வண்டி

(வடகரப்பதியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாசகசாலை நண்பர்கள் கூப்பிட்டபோது கம்பரைப் பேசலாமா, ஆழியாற்றுத் தண்ணீரைப் பேசலாமா என்று யோசித்தேன். இரண்டையும் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே யாரும் பேசாத ஒன்றை எடுத்துக்கொண்டேன். உலகக் கார்ப் பந்தயத்தில் மூன்று வருடம் ஓடி, ஒரு புள்ளிகூட வாங்காமல், கடையைக் கட்டிக்கொண்டு போன ஓர் அணியின் கதை. பெயர் எச்.ஆர்.டி. ஸ்பெயின் நாட்டு அணி.

நமக்கும் ஸ்பெயினுக்கும் என்னங்க சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய இந்தியர்கள் இதுவரை இரண்டே பேர். ஒருவர் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி பஸ் ஏறினால் வரும் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். இன்னொருவர் சென்னையில் பிறந்த கருண் சந்தோக். இருவருமே இந்த அணியின் காரில் உட்கார்ந்தவர்கள். போதுமா சம்பந்தம்?

காருக்குப் போவதற்கு முன் காளையிடம் போய்விட்டு வருகிறேன். ரேக்ளா இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 200 மீட்டர், 300 மீட்டர். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக என் மாமா ஒருவர் மாதக்கணக்கில் காளை பழக்கியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் எழுப்பி நடத்துவார். குளத்தில் நீச்சல் விடுவார். வெறும் வண்டியைப் பூட்டி, மண் பாதையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிடுவார். ஒருமுறை பக்கத்து ஊர்ப் பண்ணையக்காரர் ஒருவர் சந்தையில் பெரிய விலை கொடுத்து ஜோடி வாங்கி, அந்த வாரமே பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். என்ன அழகான காளைகள்! கொடி விழுந்ததும் ஒன்று கிழக்கே இழுத்தது, ஒன்று மேற்கே இழுத்தது. மாமா சொன்னார்: "மாட்டுக்குக் காசு குடுத்தான். பழக்கத்துக்கு நாள் குடுக்கலை."

இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான்.

நம் பக்கத்துக் கார்ப் பந்தயம் பழக்கத்தில் வளர்ந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தியது. வீட்டு வாசலில் நிற்கும் ஃபியட்டையும் ஹெரால்டையும் பட்டறையில் பிரித்து, எடையைக் குறைத்து, எஞ்சினைக் கடைந்து கொண்டுபோய் ஓட்டினார்கள். அமெரிக்காவில் இந்த மாதிரி வண்டிக்கு ஸ்டாக் கார் என்று பெயர். கடையில் விற்கிற காரே பந்தயக் கார். பின்னால் அங்கே அது பெரிய வணிகமாகிவிட்டது. இங்கே அது பட்டறைக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்தது.

கோயம்புத்தூரில் கரிவரதன் என்றொருவர். லட்சுமி மில் குடும்பம். வசதி உண்டு. வசதியுள்ளவர்கள் வெளிநாட்டுக் காரை இறக்கி ஓட்டிக் கைதட்டு வாங்கிய காலத்தில் அவர் வேறு கணக்குப் போட்டார். 1980களின் கடைசியில் மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் உட்காரும் சின்னப் பந்தயக் கார் ஒன்றைச் செய்தார். ஃபார்முலா மாருதி என்றார்கள். எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே மாதிரி வண்டி. ரிப்பேர் என்றால் உதிரிப் பாகம் ஊர் ஊராகக் கிடைக்கும். அந்த வண்டி அப்படியொன்றும் பறக்காது. ஆனால் திரும்பத் திரும்ப ஓட்டலாம். கவிழ்த்தாலும் அடுத்த வாரம் நிமிர்த்தி ஓட்டலாம். எத்தனையோ பையன்கள் பந்தயம் என்றால் என்னவென்று அதில்தான் கற்றுக்கொண்டார்கள். நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயங்களும் அந்த வகை வண்டியில்தான். 1995-இல் விமான விபத்தில் கரிவரதன் போய்விட்டார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கரி மோட்டார் ஸ்பீட்வே. இங்கிருந்து மதுக்கரை வழியாகப் போனால் ஒரு சினிமா பார்க்கப் போகிற தூரம்தான்.

இனி ஸ்பெயினுக்குப் போவோம்.

2009-இல் ஃபார்முலா ஒன்னை நிர்வகித்தவர்கள் ஓர் ஆசை காட்டினார்கள். பந்தயச் செலவு எல்லை மீறிப் போகிறது, இனி ஓர் அணி வருடத்துக்கு 4 கோடி பவுண்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று உச்சவரம்பு போடப்போகிறோம், புது அணிகள் வரலாம் என்றார்கள். அட்ரியான் காம்போஸ் என்ற பழைய ஓட்டுநர் மனுப் போட்டார். இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு பெரிய அணிகள் சண்டை போட்டு, தனிப் பந்தயம் நடத்திக்கொள்கிறோம் என்று மிரட்டி, அந்த உச்சவரம்பையே இல்லாமல் செய்துவிட்டன. சின்ன அணி உள்ளே வந்த வாசல் அப்படியே இருந்தது. எதை நம்பி வந்ததோ அது இல்லை. நம்மூரில் போர்வெல் மானியத்தை நம்பிக் கடன் வாங்கியவர்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

கார் கட்டும் வேலை இத்தாலியில் டல்லாரா என்ற பெயர்பெற்ற நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. நல்ல கைவேலைக்காரர்கள். ஆனால் பணம் போய்ச் சேராமல் வேலை நின்று நின்று நடந்தது. 2010 பிப்ரவரியில் காம்போஸ் கையைவிட்டு அணி போனது. ஹோசே ரமோன் காரபாந்தே என்ற தொழிலதிபர் எடுத்துக்கொண்டு, ஹிஸ்பானியா ரேசிங் என்று பெயர் மாற்றினார்; நம் எச்.ஆர்.டி. அதுதான். காலின் கோலஸ் நிர்வாகியாக வந்தார். அந்த மாதம் முழுக்க மற்ற அணிகள் புதுக் காரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. எங்கே தெரியுமா? ஸ்பெயினில். ஸ்பெயின் அணியின் கார் மட்டும் அங்கே இல்லை.

மார்ச் மாதம் பஹ்ரைனில் முதல் பந்தயம். வெள்ளிக்கிழமை பயிற்சி. கருண் சந்தோக்கின் கார் ஷெட்டுக்குள் பாகம் பாகமாகக் கிடக்கிறது. மெக்கானிக்குகள் ராத்திரி பகலாகப் பூட்டுகிறார்கள். சனிக்கிழமைப் பயிற்சியும் போயிற்று. தகுதிச் சுற்று வந்தபோதுதான் அந்தக் கார் முதன்முதலாகத் தடத்தில் உருண்டது. பாருங்கள், உலகத்தின் மிக வேகமான பந்தயங்களில் ஒன்றில், ஒரு மனிதன் தன் வண்டியின் பிரேக் எங்கே பிடிக்கும் என்று தெரிந்துகொள்வதும், எந்த இடத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்று தீர்மானிக்கும் சுற்றை ஓடுவதும் ஒரே நேரத்தில் நடந்தது. அப்படி ஓடியும் கூட்டாளி புருனோ சென்னாவைவிட இரண்டு விநாடிக்குள்தான் பின்தங்கினார். நான் அதைப் பெரிய ஓட்டம் என்றே சொல்வேன். மறுநாள் பந்தயத்தில் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. கார் தடுமாறி நின்றுவிட்டது. பத்திரிகைகள் சிரித்தன. இரண்டு வாரம் கழித்து ஆஸ்திரேலியாவில் அதே சந்தோக் அதே காரைக் கடைசிவரை ஓட்டி 14-ஆவதாக வந்தபோது அவ்வளவு பெரிதாக யாரும் எழுதவில்லை.

அந்த வருடம் முழுக்கக் காரில் பெரிய முன்னேற்றம் எதுவும் செய்ய முடியவில்லை. டல்லாராவோடு உறவும் முறிந்தது. நடுவிலேயே சந்தோக்கை இறக்கிவிட்டார்கள். ஏன் என்றால், இருக்கைக்கு ஒரு விலை இருந்தது. ஏழை அணியில் ஓட்டுநர் கையில் திறமை மட்டும் இருந்தால் போதாது, பின்னால் ஒரு விளம்பரதாரர் இருக்க வேண்டும். நரேன் 2011-இல் வந்தபோது டாடா குழுமத்தின் ஆதரவோடுதான் வந்தார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதும் அப்படித்தான் முடிவாகிறது. (சிரிப்பு)

2011 கார் கொஞ்சம் அழகாக இருந்தது. ஹாலிவுட் படங்களுக்கு வண்டி வரைந்து கொடுக்கும் டேனியல் சைமன் அதற்கு வண்ணம் தீட்டினார். விளம்பரம் விற்காத காலி இடங்களில், இங்கே உங்கள் பெயர் வரலாம் என்கிற மாதிரி குறும்பு வாசகங்கள். இந்த நகைச்சுவை எனக்குப் பிடிக்கும். கிழிந்த சட்டையை மறைக்காமல் அதன்மேல் பூ வைத்துத் தைத்த மாதிரி.

பழக்கம்? அந்த வருடமும் இல்லை. குளிர்காலச் சோதனை ஓட்டங்களில் பழைய காரைத்தான் ஓட்டினார்கள். புதுக் காரை பார்சலோனாவில் கடைசி நேரத்திலாவது இறக்கிவிடலாம் என்று பார்த்தால், சஸ்பென்ஷனுக்கு வேண்டிய டாம்பர்கள் சுங்கச் சோதனையில் மாட்டிக்கொண்டன. செக்போஸ்ட்டில் லாரி நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தக்காளி அழுகினால் ஒரு லோடு நஷ்டம். இவர்களுக்கோ ஒரு வருடத்தின் பழக்கம் அங்கே நின்றுபோயிற்று.

அந்த வருடம் ஒரு விதி திரும்பி வந்திருந்தது. 107 சதவீத விதி. தகுதிச் சுற்றின் முதல் கட்டத்தில் மிக வேகமாக ஓடியவர் 100 விநாடி எடுத்தால், நீ 107 விநாடிக்குள் ஓட வேண்டும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார். ஆஸ்திரேலியாவில் எச்.ஆர்.டி.யின் இரண்டு காருமே அதைத் தாண்டவில்லை. அணியின் இன்னோர் ஓட்டுநர் லியூட்ஸியும் நரேனும் உலகத்தின் அந்தக் கோடிவரை போய், பந்தயத்தில் ஓடாமல் திரும்பினார்கள். அடுத்த ஊரான மலேசியாவில் இருவரும் தகுதி பெற்றார்கள். அவர்கள் கற்றுக்கொண்ட இடம் பந்தயமே. மற்றவர்கள் பிப்ரவரியில் படித்த பாடத்தை இவர்கள் ஏப்ரலில், மார்க் போடும் பரீட்சைக் கூடத்தில் உட்கார்ந்து படித்தார்கள்.

இந்த இடத்தில் கடைசியில் ஓடுகிறவனின் வேலையைச் சொல்லியாக வேண்டும். டிவியில் அது தெரியாது. முன்னணிக் கார்கள் ஒரு சுற்று முந்திக்கொண்டு பின்னால் வரும்போது நீலக்கொடி காட்டுவார்கள். உடனே ஒதுங்கி வழிவிட வேண்டும். விடாவிட்டால் தண்டனை. ஒதுங்கினால் தடத்தின் ஓரத்தில் ரப்பர்த் தூளும் மண்ணும். டயரில் அது ஒட்டிக்கொள்ளும். அடுத்த வளைவில் பிடி இருக்காது. வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டும்போது பின்னால் லாரி ஆரன் அடித்தால் எப்படி? அதை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றரை மணி நேரம் செய்ய வேண்டும். ஜெயிக்கிறவன் முன்னால் பார்த்து ஓட்டுகிறான். தோற்கிறவன் முன்னாலும் பார்க்க வேண்டும், கண்ணாடியிலும் பார்க்க வேண்டும்.

2011 ஜூனில் கனடாவில் மழை. லியூட்ஸி 13-ஆவதாக வந்தார். அந்த அணியின் வரலாற்றிலேயே மேலான இடம் அதுதான். பத்து பேருக்குத்தான் புள்ளி. ஆனால் புள்ளியே இல்லாத அணிகளுக்குள் யார் மேல் என்பதை வந்த இடங்களை எண்ணித்தான் முடிவு செய்வார்கள். அந்தக் கணக்கில் எச்.ஆர்.டி. 2010, 2011 இரண்டு வருடமும் 12 அணிகளில் 11-ஆவதாக நின்றது. அதைவிட வசதியான வர்ஜின் அணி கீழே இருந்தது.

அடுத்து வலென்சியா. ஜூன் 26. ஸ்பெயின் மண். அன்று அதிசயமாக ஒரு காரும் கெட்டுப்போகவில்லை, ஒருவரும் மோதி நின்றுவிடவில்லை. கிளம்பிய 24 காரும் வந்து சேர்ந்தன. இருபத்து நான்காவதாக வந்தவர் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் 24-ஆம் இடத்தில் ஓடி முடித்த முதல் ஆள். இதைக் கேலிக்கான செய்தியாகத்தான் எல்லோரும் எழுதினார்கள். அதைப் பற்றி முடிவில் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

அந்தப் பந்தயத்தோடு நரேனையும் இறக்கினார்கள். ரெட் புல் நிறுவனம் தன் பயிற்சிப் பையன் ஒருவனைப் பழக்குவதற்கு அந்த இருக்கையைக் கேட்டது. பையன் பெயர் டேனியல் ரிக்கார்டோ. பிற்பாடு எட்டு கிராண்ட் பிரிக்ஸ் ஜெயித்தவர். பாருங்கள் வேடிக்கையை: பழக்கத்துக்கு வழியில்லாத அணி, பணக்கார அணியின் பையனுக்குப் பழகும் களமாக இருந்து பிழைத்தது. அந்த ஜூலையில் அணியின் பெரும்பங்கு தெசான் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று.

அக்டோபர் 30-ஆம் தேதி டெல்லிக்குப் பக்கத்தில் இந்தியாவின் முதல் கிராண்ட் பிரிக்ஸ். அதற்கு மட்டும் நரேனைத் திரும்ப உட்கார வைத்தார்கள். கூட்டம் சச்சினைப் பார்க்கவும் வந்திருந்தது, நரேனைப் பார்க்கவும் வந்திருந்தது. அவர் 17-ஆவதாக வந்தார். அதே காரில் ரிக்கார்டோ 18. எதிர்காலச் சாம்பியன் என்று கொண்டாடப்பட்ட பையனுக்கு முன்னால், 34 வயதுக் கோயம்புத்தூர்க்காரர். தலைப்புச் செய்தியில் அது இல்லை.

சின்ன அணி என்பது நரேனுக்குப் புதிதும் அல்ல. 2005-இல் அவர் முதலில் ஓட்டிய ஜோர்டான் அணியும் விற்பனைக்கு வந்து கைமாறிய அணிதான். அந்த வருடம் அமெரிக்காவில் டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகிக்கொள்ள, ஆறே கார் ஓடின. நரேன் நான்காவது. 5 புள்ளி. அதிர்ஷ்டம் என்பார்கள். அதிர்ஷ்டம் அன்றைக்கு வந்தது. வாங்கிக்கொள்ள அவர் தடத்தில் இருந்தார்.

2010-இல் அவர் அமெரிக்க நாஸ்கார் பக்கமும் போனார். ஸ்டாக் கார் உலகின் தலைநகரம் அது. வைலர் ரேசிங் என்ற அணியின் 60-ஆம் எண் டொயோட்டா பிக்கப் வண்டி. ஆமாம், பிக்கப். நாம் தேங்காய் ஏற்றுகிற ஜாதி. (சிரிப்பு) மார்ட்டின்ஸ்வில் என்ற ஊரில், ஒரு கிலோமீட்டர்கூட வராத வட்டத் தடம். பந்தயத்தில் முட்டுவதும் இடிப்பதும் அங்கே சாதாரணம். முதல் ஓட்டத்தில் 13-ஆவது. அந்த வருடம் அந்தப் பிரிவில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அபிமான ஓட்டுநர் விருதும் அவருக்கே கிடைத்தது. கடல் தாண்டியும் நம்மவர்கள் ஓட்டுப் போடுவதில் சளைத்தவர்களா என்ன?

கடைசி வருடம், 2012. அணி மட்ரிட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. இடம், காஹா மாஹிகா என்ற டென்னிஸ் அரங்கம். கார் பட்டறை டென்னிஸ் மைதானத்தில். லூயிஸ் பெரெஸ் சாலா பொறுப்பேற்றார். அனுபவசாலியான பெத்ரோ டி லா ரோசா ஓட்டுநர், கூட நரேன். புதுக் கார் தாமதம், சோதனை ஓட்டம் இல்லை, ஆஸ்திரேலியாவில் மறுபடி இரண்டு பேரும் 107-க்கு வெளியே. இதை விவரிக்க எனக்கே அலுப்பாக இருக்கிறது.

ஆனால் அடுத்த வாரம் மலேசியா. கடைசி வரிசையிலிருந்து கிளம்பிய நரேனின் காரில் பெருமழைக்கான டயர். முன்னால் இருந்தவர்கள் இடைநிலை டயர். வானம் கொட்டியது. பெரும்பாலோர் டயர் மாற்ற உள்ளே ஓட, இவர் ஓடிக்கொண்டே இருந்தார். பந்தயத்தைச் சிவப்புக்கொடி காட்டி நிறுத்தியபோது எச்.ஆர்.டி. கார் பத்தாவது இடத்தில் நின்றது! அந்த நிமிடத்தில் பந்தயத்தை முடித்திருந்தால் அணிக்கு வாழ்நாளின் முதல் புள்ளி, அரைப் புள்ளியாகவாவது, விழுந்திருக்கும். மழை விட்டது. பந்தயம் தொடர்ந்தது. வேகமான கார்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. ஜென்சன் பட்டன் அவரோடு உரசிக் காரின் மூக்கை உடைத்துக்கொண்டார். தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். பிறகு உலகச் சாம்பியன் செபாஸ்டியன் வெட்டல் தாண்டும்போது உரசி, டயர் கிழிந்து, கடுஞ்சொல் பேசினார். தண்டனை நரேனுக்கு வந்தது. என் தீர்ப்பைக் கேட்டால், ஈரமான ஓரத்துக்கு இதற்குமேல் ஒதுங்க இடமில்லாதவனிடம், இன்னும் ஒதுங்கு என்று கேட்டார்கள். நடுவர்கள் அப்படிப் பார்க்கவில்லை.

நவம்பரில் அணி விற்பனைக்கு என்று அறிவித்தார்கள். அந்த மாதத் தொடக்கத்தில் அபுதாபியில் நரேனின் கார் திடீரென வேகம் குறைய, பின்னால் வந்த நிகோ ரோஸ்பர்க்கின் கார் ஏறிப் பறந்தது. இருவரும் உயிரோடு நடந்து வந்தார்கள். நவம்பர் 25, பிரேசில். டி லா ரோசா 17, நரேன் 18. இரண்டு காரும் கடைசிவரை ஓடின. வாங்குகிறவர் யாரும் வரவில்லை. அடுத்த வருடப் பட்டியலில் அணியின் பெயர் இல்லை. மிஞ்சிய கார்களையும் சாமான்களையும் பழைய வண்டிப் பாகம் விற்கும் தொழிலில் இருந்த ஒரு ஸ்பெயின்காரர் எடுத்துக்கொண்டார். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளைப் பார்த்த நமக்கு அந்தக் காட்சி கண்ணில் நிற்கும்.

கேள்வி நேரத்துக்கு முன்னால், முடிவில் சொல்கிறேன் என்ற அந்த ஒரு வார்த்தை. எச்.ஆர்.டி. போனபின் ஃபார்முலா ஒன் தடத்தில் 24 கார்கள் நின்றதே இல்லை. 22 என்றும் 20 என்றும் சுருங்கிவிட்டது. ஆகவே வலென்சியாவில் வந்த அந்த 24-ஆம் இடம் இன்றைக்கும் கோயம்புத்தூர்க்காரர் பெயரில்தான் இருக்கிறது.